செப்புக் குடத்துத் தண்ணீரும் அலங்காரம் டீச்சரின் கடல் சாமந்தியும்

போன மாதம் என் மருமகள் எனக்குச் செம்பில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தாள். மூட்டுவலிக்கு நல்லதாம், வயிற்றுக்கும் நல்லதாம், அவள் ஆபீசில் எல்லோர் மேஜையிலும் ஒன்று நிற்கிறதாம். ஆசையாக வாங்கி வந்தவளிடம் முகத்தைச் சுளிக்க முடியுமா? மூடியைத் திருகி வாயருகே கொண்டுபோனேன். ஈரச் செம்பின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பாட்டிலை வெடுக்கென்று விலக்கினேன். பாதித் தண்ணீர் புடவையில் கொட்டிவிட்டது. "சுகர் இறங்கிருச்சா அத்தை?" என்று அவள் சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினாள். சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. அது பயம். அறுபது வருஷத்துப் பழைய பயம். இதை அவளிடம் எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

திண்டுக்கல் கிணறுகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி நார் நாராக நிற்கும். குடிக்க ஆத்தூர் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குழாயில் வரவேண்டும். ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. வந்த அன்று தெருவே குடத்தோடு நிற்கும். எங்கள் அம்மா அதில் முதல் குடத்தைப் பிடித்ததும் செப்புக் குடத்தில்தான் ஊற்றுவாள். புளி போட்டுத் தேய்த்து, சிவக்கச் சிவக்க விளக்கிய குடம். சாமிக்கு, விருந்தாளிக்கு, காய்ச்சலில் படுத்தவருக்கு அந்தத் தண்ணீர். எங்களுக்கெல்லாம் பக்கத்தில் மண்பானை. நான் பள்ளிக்கூடத்து வேலையில் சேர்ந்த முதல் நாள் மட்டும் எனக்கும் ஒரு தம்ளர் கிடைத்தது.

அது ஒரு பெண்கள் பள்ளி. எனக்கு இருபத்தொரு வயது, ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம், வேலை தற்காலிகம். பிள்ளைகள் என்னைக் கண்டு பயந்ததைவிட நான் அவர்களைக் கண்டு பயந்ததுதான் அதிகம். தலைமையாசிரியையைக் கண்டால் பயம், பல்லிக்குப் பயம், ஆய்வுக்கூடத்துத் திராவகப் புட்டிக்குப் பயம். எல்லாவற்றையும்விட அலங்காரம் டீச்சரைக் கண்டால் பயம். பெரிய வகுப்புகளுக்கு உயிரியல் எடுத்தவர் அவர். அலங்காரம் என்று பேர், ஆனால் கழுத்தில் ஒரு சிலுவைச் சங்கிலியும் கையில் ஆண்கள் கட்டும் வாட்சும் தவிர வேறொன்றும் கிடையாது. ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, எங்கள் ஊரில் இருபது வருஷமாகத் தனியாகக் குடியிருந்தார்.

அவரைப் பற்றி எங்கள் வீட்டுக்கு முன்பே தெரியும். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. மாலையில் அவர் வந்தால் சட்டையில் சின்ன வெங்காயமும் புகையிலையும் பதனிட்ட தோலும் சேர்ந்து மணக்கும். தினமும் அவர் முகத்தைப் பார்க்காமலே அன்றைக்கு ஷெட்டில் என்ன சரக்கு என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் மட்டும் எனக்குப் பிடிபடாத வாசனையோடு வந்தார். பிரம்புக் கூடைக்குள் வைத்துக் கட்டிய பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று தூத்துக்குடியிலிருந்து வந்ததாம், தூக்கும்போது தக்கை நழுவிக் கொஞ்சம் சிந்திவிட்டதாம். "டீச்சரம்மா ஒருத்தவுகளுக்குக் கடலு பார்சல்ல வந்திருக்கு. இன்னைக்குக் கடலுக்கு ரசீது போட்டேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். அந்தக் கடலை நான் சுமக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

டீச்சர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் ஒரு தொட்டி. நான்கு பக்கமும் கண்ணாடி, அடியில் கடப்பைக்கல், மூட்டுகளில் தார். உள்ளே மணலும் ஒரு பாசி பிடித்த கல்லும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. கடல் சாமந்தி. பேர்தான் பூ, உண்மையில் அது ஒரு கடல் பிராணி; பாடப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் சாமந்திக்கா பஞ்சம், நிலக்கோட்டையிலிருந்து கூடை கூடையாக வரும். ஆனால் இது பச்சைப் பழுப்பில், இதழ் நுனிகள் இளஞ்சிவப்பாக, காற்றே இல்லாத இடத்தில் அசைந்துகொண்டிருந்தது. டீச்சர் மூங்கில் குச்சி நுனியில் ஒரு பயறளவு ஆட்டு ஈரலை வைத்து நீட்டினார். இதழ்கள் சேர்ந்து மடிந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டன. எனக்கு ஒரு வாரம் சாமந்திப்பூ வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய தம்பி ஜாடியில் கடல் நீர் நிரப்பி ரயிலேற்றுவார். அப்பா ஷெட்டில் இருந்ததால் ஜாடி வந்த தகவலைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அப்படித்தான் பழக்கம். அந்த வருஷம் பங்குனியில் டீச்சருக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். மதுரையில் பெரிய ஆபரேஷன். போவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டுத் தொட்டியின் முன்னால் உட்காரவைத்தார். காலையும் மாலையும் கண்ணாடித் தம்ளரில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றவேண்டும், காப்பி ஆற்றுவதுபோல, அப்போதுதான் அதற்குக் காற்று கிடைக்கும். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஈரல். வெயிலில் தண்ணீர் வற்றி, கண்ணாடியில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே போனால் நல்ல தண்ணீர் விட்டுக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். "உப்பு எங்கேயும் போவாது பிள்ள, தண்ணிதான் போவும்" என்றார். கடைசியாக, என்ன நடந்தாலும் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. நகர வேண்டுமென்றால் அதுவாகவே நகரும், அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும்.

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். வாசல்வரை வந்தவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பதினோரு வருஷமா எங்கூட இருக்கு. அது இருக்க வரைக்கும் நானும் இருப்பேன்னு எனக்கு ஒரு கிறுக்கு எண்ணம். பாத்துக்க பிள்ள."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியிடம் சொல்கிற வார்த்தையா அது? அன்றிலிருந்து காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணுவேன்.

எட்டாவது நாள் கதவு திறந்தே கிடந்தது. வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணமாம், வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்கிறார்கள். பக்கத்து அறையில் சுண்ணாம்பு கரைத்து வைத்தாயிற்று, ஆட்கள் ஏணியோடு நிற்கிறார்கள். தொட்டியில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். முடியாது என்றார்கள். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷெட்டில் மூட்டை தூக்கும் இரண்டு பேரைக் கைவண்டியோடு அனுப்பினார். வந்தவர்களில் பெரியவர் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீரோடு தூக்கினால் தார் விட்டுப்போகும், மொத்தமும் இறைத்துவிடுங்கள், கல்லையும் எடுத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கல் உருண்டால் கண்ணாடி போய்விடும்.

தண்ணீரை டீச்சர் வீட்டு மண்பானைகளில் மொண்டு வைத்தேன். நீர் இறங்க இறங்க அது சுருங்கி ஒரு அழுகிய கத்தரிக்காயளவு ஆகிவிட்டது. அது ஒட்டிக்கொள்ளும் அடிப்பாகத்தைக் கால் என்பார்கள்; அந்தக் கால், பாதி கல்லிலும் பாதி கண்ணாடியிலும் ஒட்டியிருந்தது. நான் காத்திருந்திருக்க வேண்டும். பின்னால் வெள்ளையடிக்கிற ஆட்கள், "என்னம்மா, பொம்மைக் கலியாணமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வண்டிக்காரர்கள் பீடியைப் பற்றவைத்தார்கள். அவசரம், வெட்கம். கல்லை மெதுவாகத் தூக்கினால் கூடவே வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. கண்ணாடிப் பக்கத்தில் விரல் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். உறையிலிருந்து தபால்தலையைப் பிய்க்கும்போது காகிதம் பாதியில் கிழியும் பாருங்கள், விரலுக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்படித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் கை நிற்கவில்லை.

கல் கையோடு வந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்த உடம்பின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கண்ணாடியின் அடி மூலையில் அதன் காலின் துணுக்குகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சத்தமில்லை, ரத்தமில்லை. ரத்தம் வந்திருந்தால் யாராவது பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன். கண்ணாடிக் கிண்ணத்தில் கல்லை வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு கைவண்டிக்குப் பின்னால் நடந்தேன்.

வீட்டில் அம்மா அதைப் பார்த்ததும் முதலில் சொன்னது மஞ்சள். எந்தக் காயமானாலும் அவளுக்கு மஞ்சள்தான். "செத்த நேரம் பத்துப் போட்டா பொருந்திரும்டி" என்று அம்மியை நோக்கி நடந்தாள். தொட்டியின் குறுக்கே நின்று தடுத்தேன். கடல் நீரைத் திரும்ப ஊற்றி, கல்லைக் கிழிந்த பக்கம் மேலாக வைத்து, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாக உட்கார்ந்து தண்ணீரை ஆற்றினேன். மூலையில் ஒட்டியிருந்த துணுக்குகளைச் சுரண்ட எனக்குக் கை வரவில்லை. அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அம்மா மஞ்சளை விட்டாளே தவிர, கவனிப்பை விடவில்லை. நோயாளி வீட்டுக்கு வந்திருக்கிறது, அதுவும் டீச்சரம்மாவின் நோயாளி. சித்திரை வெயிலில் தினமும் தண்ணீர் கோட்டைவிட்டு விரலளவு இறங்கும். அம்மா காலையிலேயே புளி போட்டுக் குடத்தை விளக்கி, ஆத்தூர்த் தண்ணீரை நிரப்பி, ஒரு சொம்பில் ஊற்றி என்னிடம் நீட்டுவாள். நானும் பக்தியோடு வாங்கி ஊற்றுவேன். பழனிக்கு வேண்டிக்கொண்டு ஒரு மஞ்சள் துணி முடிந்து தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். கடல் சாமந்திக்கா, டீச்சருக்கா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுன்னுதானே சொன்ன" என்றாள்.

அதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அது தேறவில்லை. முதல் இரண்டு நாள் கிழிசல் கொஞ்சம் மூடினாற்போல இருந்தது. பிறகு நாளுக்கு நாள் மோசமாயிற்று. இதழ்களை வெளியே விடவே இல்லை. வாய் பிளந்து, உள்ளே இருக்க வேண்டியது வெளியே பிதுங்கி நின்றது. மேலெல்லாம் சளி படர்ந்தது. நான் ஆற்றினேன், அம்மா தண்ணீர் தந்தாள், அது இன்னும் சுருங்கியது. இப்படி இருக்கும்போது மதுரையிலிருந்து ஒரு கார்டு வந்தது. ஆபரேஷன் முடிந்தது என்று ஒரு வரி. அது எப்படி இருக்கிறது என்று இன்னொரு வரி. நலம் என்று எழுதிப் போட்டேன். அந்த மூன்றெழுத்தை எழுதப் பேனா மூன்றுமுறை மக்கர் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். எப்படியாவது சொல்லிவிடுவது என்ற முடிவு கொடைரோடு தாண்டும்வரை இருந்தது. வார்டில் டீச்சரை அடையாளம் தெரியவில்லை. வாட்சைக் கழற்றியிருந்தார்கள், மணிக்கட்டு குச்சியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. நல்லா இருக்கு டீச்சர் என்றேன். விரியுதா என்றார். விரியுது என்றேன். பொய்யைக் கொஞ்சம் அழகாகச் சொல்ல வேண்டுமென்று தோன்றியது. எங்கள் வீட்டில் அதற்கு நடக்கும் உபசாரத்தைச் சொன்னேன், அம்மா தினமும் புளி போட்டு விளக்கின செப்புக் குடத்துத் தண்ணீரைத்தான் தருகிறாள், சாமிக்கு வைக்கிற தண்ணீர் என்று.

டீச்சரின் கை போர்வைக்குள்ளிருந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த உடம்பில் அவ்வளவு பிடி எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"செம்பு ஆவாது பிள்ள" என்றார். "எங்கூர்ல கப்பலுக்கு அடியில செப்புத் தகடு எதுக்கு அடிக்கான்னு நெனச்ச? ஒண்ணும் ஒட்டி உசுரோட இருக்கக் கூடாதுன்னுதான்."

பிறகு தன் தப்பு என்றார். தன் வீட்டில் மண்பானை மட்டுமே இருந்ததால் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லையாம். மூச்சு வாங்கியது, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நகத்தால் கிழித்ததைச் சொல்லவில்லை. வாழைப்பழத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சிறுமலை ஜன்னலோடு கூடவே வந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டு சாவுகளும் ஒன்றாக நடக்கப்போகின்றன, இரண்டும் என் கையால் என்று உறுதியாகத் தெரிந்தது. பக்கத்து ஸீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரு தவறிட்டாக என்று இரக்கத்தோடு கேட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ரப்பர்க் குழாயை வைத்துத் தொட்டித் தண்ணீரை வடித்தேன், அடியில் நாலு விரல் மட்டும் விட்டுவிட்டு. டீச்சர் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஜாடிக் கடல் நீரை எடுத்துவந்து ஊற்றினேன். அரைத் தொட்டிதான் வந்தது. செம்பு விஷம் என்று சொன்னதும் அம்மா நம்பவில்லை. "சாமிக்கு வைக்கிற தண்ணியாச்சேடி" என்றாள். பிறகு மஞ்சள் துணியைப் பார்த்தபடி, "நாந்தான் தெனமும் ஊத்திக் குடுத்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். கிழித்தது நான்தான் என்று சொல்லியிருந்தால் அவள் மனம் பாதி ஆறியிருக்கும். அதையும் சொல்லவில்லை.

அப்பா தூத்துக்குடி போகும் ரயிலின் கார்டிடம் டீச்சரின் தம்பிக்குச் சீட்டுக் கொடுத்தனுப்பினார். ஐந்தாம் நாள் புது ஜாடி வந்தது. அந்த ஐந்து நாளும் மணிக்கொரு தடவை ஆற்றினேன். பள்ளிக்கு விடுமுறை விட்டது நல்லதாயிற்று. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டிப் பார்த்தால் பிதுங்கியிருந்தது உள்ளே போயிருந்தது. மறுநாள் ஒரே ஒரு இதழ் வெளியே வந்தது. கையைத் தட்டி அம்மாவைக் கூப்பிட்டேன்.

அதற்காகப் பயம் போய்விடவில்லை. இதழ்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஆனால் கிழிந்த பக்கம் கோணலாகப் பொருந்தி, அது ஒருபுறம் சாய்ந்தே நின்றது. போதாததற்குக் கண்ணாடி மூலையில் நான் பார்க்காமல் விட்டிருந்த இடத்தில் பருப்பளவில் இரண்டு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. ஏதோ நோய் பரவுகிறது என்று முடிவு கட்டினேன். தொட்டால் அதையும் கெடுத்துவிடுவேன் என்று தொடவில்லை. டீச்சர் வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வரவேண்டுமென்றும் வேண்டினேன், வராமல் தள்ளிப்போக வேண்டுமென்றும் வேண்டினேன்.

வைகாசியில் குதிரை வண்டி எங்கள் வாசலில் நின்றது. டீச்சர் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். அம்மா அவசரமாக உள்ளே போய் எதில் தண்ணீர் கொடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, மண்பானையிலிருந்து மொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் தொட்டியின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். அது விரிந்திருந்தது. நான் கதவை ஒட்டி நின்றேன். அவர் கண் மெல்ல இறங்கி மூலைக்குப் போனது. குனிந்து கண்ணாடியில் மூக்கு படும்படி பார்த்தார்.

"கிழிச்சிட்டியா பிள்ள" என்றார்.

அந்தக் கொப்புளங்கள் நோய் அல்ல. கிழிந்து ஒட்டிக்கொண்ட கால் துணுக்குகள் தனித்தனியே பிழைத்து, இரண்டு குட்டிச் சாமந்திகளாகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற இதழ்கள்கூட முளைத்திருந்தன. என் குற்றத்தை நான் மறைத்திருந்த இடத்திலேயே அது வளர்ந்து நின்றது. நான் அழுதேன். சுண்ணாம்பு, கைவண்டி, நகம், மதுரையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினேன். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் புடவைக்கு மேலாக வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"என்னையுந்தான் கிழிச்சாங்க" என்றார். "கோணலாத்தான் தச்சிருக்காங்க. இருக்கேன்ல."

இரண்டரை வருஷம் இருந்தார். கட்டி திரும்ப வந்தது. ஓர் ஐப்பசி மாதம், கடைசிப் பீரியடில் பள்ளிக்கூடத்துக்குச் செய்தி வந்தபோது தொட்டி மறுபடியும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. மழையில் வீட்டுக்கு ஓடினேன். மூன்றும் அகல விரிந்து அசைந்துகொண்டிருந்தன, என்றைக்கும்விட நன்றாக. எனக்கு ஆத்திரமாக வந்தது. பதினோரு வருஷமும் அதற்கு மேலும் ஒருத்தி உங்களை நம்பி எண்ணிக்கொண்டிருந்தாளே, உங்களுக்கு ஒன்றுமே தெரியாதா என்று அந்த ஊமைப் பிராணிகளிடம் கேட்டேன். பிறகு தம்ளரை எடுத்துத் தண்ணீரை ஆற்றினேன். மாலை வேளைக்கு ஆற்ற வேண்டியது.

டீச்சரின் தம்பி வந்து மூன்றையும் ஜாடியில் எடுத்துப்போனார். இழுக்காமல், அவையாக விடும்வரை இரண்டு நாள் எங்கள் வீட்டில் காத்திருந்தார். கடலிலேயே விட்டுவிட்டதாகக் கார்டு போட்டார். காலித் தொட்டி கொஞ்ச காலம் கிடந்து, தார் விட்டு உடைந்தது. செப்புக் குடத்தை அம்மா ஒரு பொங்கலுக்குப் பாத்திரக் கடையில் பழைய விலைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் குடம் வாங்கினாள். கூட்ஸ் ஷெட்டில் யாரும் இப்போது கடலுக்கு ரசீது போடுவதில்லை. டீச்சர் குடியிருந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் ஏதோ மொபைல் கடை என்று போன தடவை போனபோது பார்த்தேன்.

இதையெல்லாம் மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டில் ஜன்னலில் இருக்கிறது. நான் மண்பானையில்தான் குடிக்கிறேன், அவள் கண்டுகொள்வதில்லை. யாரும் என்னிடம் எதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போய் வெகுநாளாகிறது. பேரன்கள் பெரியவர்களாகிவிட்டார்கள், வீட்டுச் சாவிகூட என்னிடம் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மருமகள் வாசலில் நின்று, பகலில் எனக்குத் துணையாக இருக்க வரும் பெண்ணிடம், "அத்தையப் பாத்துக்க" என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். தலையை ஆட்டுகிறாள். அவள் முகத்தில் பயம் தெரிகிறதா என்று நான் தினமும் பார்க்கிறேன்.